நேர்கோட்டின் சமன்பாடு: வேலிக் கயிற்றிலிருந்து கொப்பிக்கு

வேலி அடைக்க வருகிறவர்கள் முதலில் கயிறு பிடிப்பார்கள். காணியின் ஒரு மூலையில் ஒரு கதிகால் (வேலிக்கு நடுகிற மரக் கம்பு), மற்ற மூலையில் இன்னொரு கதிகால். இரண்டுக்கும் இடையில் கயிற்றை இழுத்து முறுகக் கட்டிவிட்டு, அதை ஒட்டியே மற்றக் கதிகால்களை நட்டுக்கொண்டு போவார்கள். பூவரசோ கிளுவையோ எதுவானாலும் சரி, கயிற்றில் தொட்டுக்கொண்டு நின்றால் வரிசையில் நிற்கிறது. தொடாவிட்டால் பிடுங்கித் தள்ளி நட வேண்டும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. நேர்கோட்டின் சமன்பாட்டைப் படிப்பிக்கத் தொடங்கும்போது நான் கரும்பலகையில் முதலில் வரைவது இந்தக் கயிற்றைத்தான்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையிடம் நேர்கோட்டின் சமன்பாடு என்ன என்று கேட்டால், "வை சமன் எம் எக்ஸ் சக சி, சேர்" என்று மூச்சு விடாமல் சொல்லும். எம் என்றால் கோடு எவ்வளவு சாய்வாக ஏறுகிறது என்று சொல்கிற படித்திறன், சி என்றால் கோடு நிலை அச்சை வெட்டுகிற இடத்தைச் சொல்கிற வெட்டுத்துண்டு. அதுவும் சரியாக வரும். அடுத்த கேள்வியில்தான் வகுப்பு அமைதியாகும்: "சரி பிள்ளை, அதில் இருக்கிற எக்ஸ் யார், வை யார்?"

பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். எம்முக்கும் சிக்கும் பெயர் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் எக்ஸையும் வையையும் சூத்திரத்தோடு கூட வந்த எழுத்துகளாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டும்தான் கோட்டில் நிற்கிற புள்ளி. ஏதோ ஒரு குறிப்பிட்ட புள்ளி என்றில்லை, கயிற்றைத் தொட்டுக்கொண்டு நிற்கிற எந்தக் கதிகாலும் அந்த எக்ஸும் வையும் ஆகலாம். சமன்பாடு என்பது கோட்டில் நிற்கிற ஒவ்வொரு புள்ளியும் நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை. நிறைவேற்றினால் கோட்டில் நிற்கிறது, நிறைவேற்றாவிட்டால் நிற்கவில்லை. கயிறு கையால் செய்து பார்க்கிற சோதனையைச் சமன்பாடு எண்களால் செய்கிறது. இவ்வளவும் மனதில் பதிந்துவிட்டால் மிச்சப் பாடம் அரை நாள் வேலை என்று நான் நம்புகிறேன்.

சரி, கயிறு இருக்கும்போது சமன்பாடு எதற்கு? கயிறு போக முடியாத இடங்கள் இருக்கின்றன. இதை எனக்குக் காட்டியது எங்கள் சொந்தக் காணிதான்.

1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து சனம் முழுவதும் வெளிக்கிட்டபோது எங்கள் குடும்பமும் வெளிக்கிட்டது. காணி பிறகு நீண்ட காலம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தபோது வேலியும் இல்லை, ஒழுங்கையும் இல்லை. வடலியும் பற்றையும் வளர்ந்து, இடிந்த சுவர்கள் அங்கங்கே நின்றன. கிணறு மட்டும் கட்டுக் குலையாமல் இருந்தது. காணி உறுதிப் பத்திரத்தில் எல்லை எப்படி எழுதியிருக்கும் என்று தெரியும்தானே: வடக்கு எல்லை இன்னாரின் காணி, கிழக்கு எல்லை இன்னாரின் காணி, தெற்கு ஒழுங்கை. அந்த இன்னார்களில் ஒருவர் காலமாகிவிட்டார், மற்றவர் கனடாவில் இருக்கிறார். அப்பாவின் கையில் பழைய நில அளவைப் படம் ஒன்று இருந்தது. வடக்கு எல்லையில் மூன்று கற்கள் என்று படம் சொன்னது. தேடிப் பார்த்ததில் அந்தக் கற்களில் இரண்டு கிடைத்தன. நடுக்கல்லைக் காணவில்லை. இரண்டு கற்களுக்கும் இடையே கயிறு பிடிக்கலாம் என்றால் நடுவில் ஒரு வீட்டுச் சுவரும் அடர்ந்த வடலியும்.

கணக்குக்கு வசதியாக எண்களை முழு எண்களாக்கிச் சொல்கிறேன். கிணற்றை உற்பத்தியாக எடுத்துக்கொண்டோம். எங்கள் பாடநூல்களில் இரண்டு அச்சுகளும் சந்திக்கிற தொடக்கப்புள்ளிக்கு உற்பத்தி என்று பெயர். கிணற்றிலிருந்து கிழக்கே அளக்கிற தூரத்தைக் கி என்றும் வடக்கே அளக்கிற தூரத்தை வ என்றும் எழுதுவோம். வகுப்பில் எக்ஸ், வை என்று எழுதுவது இவற்றைத்தான். முதற்கல் கிழக்கே 4 மீற்றர், வடக்கே 3 மீற்றர். கடைசிக்கல் கிழக்கே 24, வடக்கே 13. அதாவது (4, 3) இலிருந்து (24, 13) வரை.

முதற்கல்லிலிருந்து கடைசிக்கல்லுக்குப் போக, கிழக்கே 20 மீற்றரும் வடக்கே 10 மீற்றரும் நகர வேண்டும். வடக்கே நகர்ந்ததைக் கிழக்கே நகர்ந்ததால் வகுத்தால் 10/20, அதாவது 1/2. இதுதான் படித்திறன். தமிழ்நாட்டு யூடியூப் பாடங்களைப் பார்க்கிற பிள்ளைகள் அங்கே சாய்வு என்று சொல்லக் கேட்டுவிட்டு வந்து, இது வேறு பாடமா என்று கேட்பதுண்டு. இரண்டும் ஒன்றுதான். எனக்கு எங்கள் சொல்லே பிடிக்கும், ஏனென்றால் படி என்ற சொல் அதற்குள் கேட்கிறது. மாடிப்படியில் கால் வைக்கிற அகலமும் அடுத்த படிக்கு ஏறுகிற உயரமும் கீழிருந்து மேல்வரை மாறுவதில்லை. மாறினால் தடுக்கி விழுவோம். நேர்கோடும் அப்படியே. எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் ஏற்றத்துக்கும் நகர்வுக்கும் உள்ள விகிதம் ஒன்றே. வளைகோட்டில் அது இடத்துக்கு இடம் மாறும்.

முழுப் பாடமும் இந்த ஓர் உண்மைக்குள் அடங்கிவிடுகிறது. கோட்டில் எங்கோ ஒரு கதிகால் (கி, வ) இல் நிற்கிறது என்று வையுங்கள். முதற்கல்லிலிருந்து அதற்குப் போனால் கிழக்கே கி − 4, வடக்கே வ − 3. அந்த விகிதமும் 1/2 ஆகத்தான் இருக்க வேண்டும்:

(வ − 3) / (கி − 4) = 1/2

குறுக்கே பெருக்கினால் 2வ − 6 = கி − 4. ஒழுங்குபடுத்தினால் வ = கி/2 + 1. சமன்பாடு கண்டாயிற்று. எந்தச் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்யவில்லை, "எந்த இரண்டு புள்ளிக்கும் படித்திறன் ஒன்றே" என்பதைக் குறியீட்டில் எழுதினோம், அவ்வளவுதான்.

நடுக்கல் கிணற்றிலிருந்து கிழக்கே 14 மீற்றரில் இருந்ததாகப் படம் காட்டியது. கிக்கு 14ஐப் போட்டால் 14/2 + 1 = 8. கிழக்கே 14, வடக்கே 8 அளந்து, வடலியை வெட்டி ஒதுக்கிவிட்டு மண்வெட்டி போட்டோம். ஒரு முழம் ஆழத்தில் கல் தட்டுப்பட்டது. கணிதம் படிப்பிக்கிற எனக்கே அன்றைக்குக் கை கொஞ்சம் நடுங்கியது.

பாடநூலைத் திறந்தால் இதே விடயம் நாலு வேடத்தில் வரும். இரண்டு புள்ளி தந்தால் ஒரு சூத்திரம், ஒரு புள்ளியும் படித்திறனும் தந்தால் இன்னொன்று, படித்திறனும் வெட்டுத்துண்டும் தந்தால் வேறொன்று, இரண்டு அச்சிலும் வெட்டுகிற இடங்களைத் தந்தால் மற்றொன்று. பிள்ளைகள் நாலையும் தனித்தனியே எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சை மண்டபத்தில் ஒன்றின் தலையை இன்னொன்றின் உடலில் ஒட்டிவிடுகிறார்கள். இது அவர்களின் பிழை இல்லை. நாலும் ஒரே வாக்கியம் என்று நாங்கள் சொல்லிக் கொடுக்காததன் விளைவு. இரண்டு புள்ளி தந்தால் முதலில் படித்திறனைக் கண்டுகொள், பிறகு ஏதாவது ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு மேலே செய்ததைச் செய். வெட்டுத்துண்டு தந்தாலும் அது ஒரு புள்ளிதான், வடக்கு அச்சில் நிற்கிற புள்ளி. கேள்வி எந்த உருவத்தில் வந்தாலும் ஒரு புள்ளியும் ஒரு படித்திறனும் கையில் இருந்தால் போதும்.

ஒரு புள்ளியும் படித்திறனும் என்ற வடிவத்தைத் துலாவை, கிணற்றில் தண்ணீர் இறைக்க ஆடுகாலில் கொளுவி ஏற்றி இறக்குகிற அந்த நீண்ட மரத்தை, நினைத்துக்கொண்டு பார்க்கலாம். இப்போதைய பிள்ளைகளுக்கு நீரிறைக்கும் மிசினும் மோட்டரும்தான் தெரியும். ஆனாலும் ஊரில் அங்கங்கே பழைய கிணற்றடியில் ஆடுகால் நிற்கிறது. துலா மேலும் கீழும் ஆடும், அதன் சாய்வு ஒவ்வொரு கணமும் மாறும், ஆனால் ஆடுகாலில் கொளுவிய அச்சு அசையாது. வ − 3 = ப × (கி − 4) என்று எழுதி, ப என்ற படித்திறனை வேண்டியபடி மாற்றிக்கொண்டு போனால் கிடைப்பது (4, 3) இல் அச்சுக் கொளுவிய துலா. ப இற்கு ஒரு பெறுமானம் கொடுத்தவுடன் துலா ஓரிடத்தில் நின்றுவிடும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் எடுக்கிற பிள்ளைகளுக்கு "தந்த புள்ளிக்கூடாகச் செல்லும் கோடுகள்" என்று வருகிற கேள்விகளில் இந்தப் படம் பெரிய உதவி. அந்த வகைக் கேள்விகளில் ப தான் மாறுகிற கணியம், புள்ளி மாறாதது. பலருக்கு அது தலைகீழாகவே மனதில் இருக்கும்.

வெட்டுத்துண்டைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் எல்லைக் கோட்டின் சமன்பாட்டில் கடைசியில் நிற்கிற 1, கி பூச்சியமாகும்போது வ எவ்வளவு என்பதைச் சொல்கிறது. கிணற்றிலிருந்து நேரே வடக்கே 1 மீற்றர் நடந்தால் எல்லைக் கோட்டின் நீட்சியில் கால் படும். நீட்சி என்று சொன்னதைக் கவனியுங்கள். வேலி முதற்கல்லில்தான் தொடங்குகிறது, அதற்கு மேற்கே எங்கள் வேலி இல்லை. சமன்பாட்டுக்கு அது தெரியாது. கோட்டை இரண்டு பக்கமும் முடிவில்லாமல் நீட்டிக்கொண்டு போகும்.

ஓட்டோக் கட்டணத்தில் இது இன்னும் தெளிவாகும். முதல் கிலோமீற்றருக்கு 100 ரூபாய், பிறகு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 80 ரூபாய் என்று ஒரு கணக்கு வைப்போம். தூ கிலோமீற்றர் போனால் கட்டணம் 100 + 80 × (தூ − 1), அதாவது 80 × தூ + 20. படித்திறன் 80, வெட்டுத்துண்டு 20. அந்த 20 ரூபாயை யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. ஏறாத ஓட்டோவுக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஏறினாலே 100 ரூபாய். கோட்டைப் பின்னுக்கு நீட்டினால் அச்சில் எங்கே வெட்டும் என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. வெட்டுத்துண்டுக்கு எப்போதும் "தொடக்கத் தொகை" என்று பொருள் சொல்லிக் கொடுப்பதால் பிள்ளைகள் இப்படியான இடங்களில் குழம்பிப் போகிறார்கள். அது சில கணக்குகளில் தொடக்கத் தொகையாக இருக்கும், சிலவற்றில் வெறும் நீட்சி.

உற்பத்தியை எங்கே வைப்பது என்பது எங்கள் விருப்பம். கிணற்றுக்குப் பதிலாக முதற்கல்லையே உற்பத்தியாக எடுத்திருந்தால் அதே எல்லையின் சமன்பாடு வ = கி/2 என்று இன்னும் சுருங்கியிருக்கும். வெட்டுத்துண்டு போய்விட்டது, படித்திறன் மட்டும் அப்படியே நிற்கிறது. கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கோட்டின் குணம். அச்சை எங்கே வெட்டுகிறது என்பதில் நாங்கள் அச்சை எங்கே போட்டோம் என்பதும் கலந்திருக்கிறது.

நாடு முழுவதற்கும் இதே கேள்வி வந்தபோது நில அளவையாளர்கள் அழகான ஒரு வேலை செய்தார்கள். இடங்களைக் கிழக்கு, வடக்கு எண்களால் குறிக்கிற இலங்கையின் ஆள்கூற்று முறைக்கு மையம் பிதுருதலாகலை, 2524 மீற்றர் உயரமான நாட்டின் மிக உயர்ந்த மலை. அதற்கு (0, 0) என்று கொடுத்திருந்தால் யாழ்ப்பாணம் மையத்துக்கு மேற்கே கிடப்பதால் எங்கள் கிழக்கு ஆள்கூறுகள் எல்லாம் மறை எண்ணாக வந்திருக்கும். காலி மாத்தறைக்காரருக்கு வடக்கு ஆள்கூறு மறை எண்ணாகியிருக்கும். மறைக் குறி ஒன்று விடுபட்டால் காணி ஒன்று கடலுக்குள் போய்விடும். அதனால் மலைக்கு இன்றைய முறையில் 500 கிலோமீற்றர், 500 கிலோமீற்றர் என்று கொடுத்திருக்கிறார்கள். பழைய முறையில் அது 200, 200. உற்பத்தி எங்கோ தென்மேற்கே கடலில் போய் விழுந்தது, தீவில் எந்த மூலைக்கும் மறை எண் வராது. யாழ்ப்பாண நகரம் அந்த மலையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 295 கிலோமீற்றர், மேற்கே 80க்குச் சற்று மேல். ஆகவே எங்கள் வடக்கு ஆள்கூறு 795க்குக் கிட்ட, கிழக்கு ஆள்கூறு 420க்குச் சற்றுக் குறைய. உற்பத்தியை இப்படி மாற்றியதால் நாட்டில் எந்த எல்லைக் கோட்டின் படித்திறனும் மாறவில்லை.

தளத்தில் ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு எண்களால் குறிக்கிற பழக்கத்துக்கு எங்கள் பாடநூல் தெக்காட்டின் பெயரை வைத்திருக்கிறது, தெக்காட்டின் தளம் என்று. பிரான்சைச் சேர்ந்த ரெனே தெக்காட்டு 1637இல் வெளியிட்ட கேத்திரகணித நூலில், வரைபடத்தைச் சமன்பாடாக மாற்றுகிற வழியைக் காட்டினார். ஆனால் இப்போது நாங்கள் கொப்பியில் போடுகிற இரண்டு செங்குத்து அச்சுகளை அதில் தேடினால் கிடைக்காது. அவர் வேண்டிய கோணத்தில் ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு வேலை செய்தார். அதே காலத்தில் துலூசு நகரில் சட்டத்துறையில் இருந்த பியேர் ஃபேர்மாவும் தனியாக இதே வழியைக் கண்டிருந்தார். இரண்டு மாறிகள் உள்ள முதற்படிச் சமன்பாடு ஒரு நேர்கோட்டைத் தரும் என்பதைத் தெளிவாகச் சொன்னவர் ஃபேர்மாதான். அவருடைய கட்டுரை கையெழுத்துப் பிரதியாகவே நண்பர்களிடம் சுற்றியது. அச்சில் வந்தது 1679இல், அவர் இறந்து 14 வருடங்களுக்குப் பிறகு. எங்கள் பாடத்துக்கு உயிரான வசனத்தைச் சொன்னவரின் பெயர் தளத்தில் இல்லையே என்று எனக்கு ஒரு குறை உண்டு.

யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிப்பதற்கும் நீண்ட வரலாறு உண்டு. 1823இல் அமெரிக்க மிசனரிகள் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் கணிதமும் வானியலும் முக்கிய பாடங்கள். அது 1855இல் மூடப்பட்டது. அங்கே படித்த கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளையைத் தமிழ் ஏடுகளைப் பதிப்பித்தவராக எல்லாருக்கும் தெரியும். விசுவநாதபிள்ளை கணிதத்தைத் தமிழில் எழுதியவர். தமிழில் கணிதம் சொல்லிக் கொடுக்கலாம் என்பது இந்த மண்ணில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலான பழக்கம்.

இனிப் பரீட்சையில் புள்ளி போகிற இடங்கள். மேலும் கீழும் மாறிவிடுவது முதலாவது: கிழக்கு வித்தியாசத்தை மேலே போட்டு 20/10 = 2 என்று எழுதுவார்கள். இரண்டாவது, மேலே ஒரு ஒழுங்கிலும் கீழே இன்னொரு ஒழுங்கிலும் கழிப்பது: மேலே 13 − 3, கீழே 4 − 24. படித்திறன் மறையாக வந்து கோடு மற்றப் பக்கம் சாய்ந்துவிடும். எந்தக் கல்லிலிருந்து தொடங்கினாலும் பரவாயில்லை, மேலேயும் கீழேயும் ஒரே கல்லிலிருந்து தொடங்க வேண்டும். சமன்பாட்டை எழுதி முடித்ததும் தந்த இரண்டு புள்ளிகளையும் அதில் போட்டுப் பார்க்க அரை நிமிடம் போதும். போட்டுப் பார்த்த பிள்ளை பிழையோடு பேப்பரைக் கொடுக்காது.

இவற்றைவிட ஆழமான ஒரு குழப்பம் வரைபுத் தாளில் இருக்கிறது. கிடை அச்சில் ஒரு சென்ரிமீற்றருக்கு 1 அலகு, நிலை அச்சில் ஒரு சென்ரிமீற்றருக்கு 5 அலகு என்று அளவிடை எடுத்தால், கண்ணுக்கு 45 பாகையில் ஏறுவதாகத் தெரிகிற கோட்டின் படித்திறன் 5. பாகைமானியை வைத்து அளந்தால் 1 என்று வரும். தாளில் தெரிகிற சாய்வு அளவிடையைப் பொறுத்தது, படித்திறனை அச்சில் உள்ள எண்களைக் கொண்டுதான் வாசிக்க வேண்டும். இரண்டு கோடுகள் செங்குத்தா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதும் இரண்டு அச்சிலும் ஒரே அளவிடை இருந்தால் மட்டும்தான் சரிவரும்.

பௌதிகவியல் செய்முறையில் இதற்குப் பெரிய இடம் உண்டு. எளிய ஊசலின் நீளத்தை மாற்றி மாற்றி அலைவு காலத்தை அளந்து, கால வர்க்கத்தை நீளத்துக்கு எதிரே குறித்தால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழும். அந்தக் கோட்டின் படித்திறன் 4.03க்குக் கிட்ட வரும். 39.48ஐ அதால் வகுத்தால் கிடைப்பது 9.8, புவியீர்ப்பு ஆர்முடுகல். 39.48 என்பது பையின் வர்க்கத்தின் நாலு மடங்கு. இங்கே படித்திறன் காணும்போது அளந்த புள்ளிகளில் இரண்டை எடுக்கக் கூடாது. வரைந்த கோட்டில், நன்றாகத் தள்ளி இருக்கிற இரண்டு இடங்களை எடுக்க வேண்டும். வேலிக்காரர் கயிற்றைக் கிட்டக் கிட்ட இருக்கிற இரண்டு கதிகாலில் கட்டி நீட்டிக்கொண்டு போவதில்லை. ஒரு விரற்கடை பிசகினாலும் மற்றத் தொங்கலில் அது ஒரு முழமாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

நேரே வடக்கே போகிற வேலிக்கு என்ன சமன்பாடு? கிழக்கே நகரவே இல்லை, ஆகவே படித்திறனுக்கு வகுக்க வேண்டிய எண் பூச்சியம். வகுக்க முடியாது. படித்திறன் இல்லை என்பதால் கோடு இல்லை என்று ஆகாது. முதற்கல்லிலிருந்து நேரே வடக்கே போனால் அதில் நிற்கிற எல்லாக் கதிகாலுக்கும் கி = 4. அதுவே சமன்பாடு. இதையும் மற்றக் கோடுகளையும் ஒரே வடிவத்தில் எழுத அ × கி + ஆ × வ + இ = 0 என்ற பொது வடிவம் இருக்கிறது. எங்கள் எல்லை அந்த வடிவத்தில் கி − 2வ + 2 = 0.

கடைசிக்கல்லில் வேலி மூலைமட்டமாக, அதாவது செங்கோணத்தில், திரும்பித் தெற்கே இறங்குகிறது. அந்தப் பக்கத்தின் சமன்பாட்டையும் பார்த்துவிடலாம். எல்லையில் நடக்கும்போது கிழக்கே 2 அடி, வடக்கே 1 அடி என்று போகிறோம். உடம்பை வலப்பக்கம் மூலைமட்டமாகத் திருப்பினால் கிழக்கு தெற்காகும், வடக்கு கிழக்காகும். ஆகவே தெற்கே 2 அடி, கிழக்கே 1 அடி. படித்திறன் −2. ஒன்றைத் தலைகீழாக்கிக் குறியை மாற்றினால் மற்றது வரும், இரண்டையும் பெருக்கினால் −1 என்று பாடநூல் சொல்வது இந்தத் திரும்பலைத்தான். (24, 13) இல் அச்சுக் கொளுவிய துலாவுக்கு −2 என்ற சாய்வைக் கொடுத்தால் வ − 13 = −2 × (கி − 24), அதாவது வ = −2 × கி + 61.

எங்கள் காணிக்கு வருகிறேன். அங்கே ஒரு சீமெந்துத் தூண் நின்றது. நடுக்கல் கிடைப்பதற்கு முன் அதைத்தான் எல்லை என்று எல்லாரும் நினைத்திருந்தோம். கிணற்றிலிருந்து கிழக்கே 18, வடக்கே 11. சமன்பாட்டில் போட்டால் 18/2 + 1 = 10. தூண் கோட்டில் இல்லை, கோட்டுக்கு வடக்கே 1 மீற்றர் தள்ளி நிற்கிறது. எல்லையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ஆனால் எல்லைக்குச் செங்குத்தாகத்தான் அளக்க வேண்டும். தூணிலிருந்து நேரே தெற்கே கோடு வரை 1 மீற்றர், அங்கிருந்து கோட்டோடு போய்ச் செங்குத்தின் அடி. இது ஒரு சிறிய செங்கோண முக்கோணி. படித்திறனைக் கண்ட பெரிய முக்கோணியோடு அது இயல்பொத்தது, அதாவது அளவு வேறானாலும் வடிவம் ஒன்றே. பக்கங்கள் 1, 2, 5இன் வர்க்கமூலம் என்ற விகிதத்தில் இருக்கும். ஆகவே செங்குத்துத் தூரம் 2ஐ 5இன் வர்க்கமூலத்தால் வகுத்தது, ஏறத்தாழ 89 சென்ரிமீற்றர். உயர்தரத்தில் செங்குத்துத் தூரத்துக்குத் தருகிற நீண்ட சூத்திரத்தில் போட்டாலும் இதே விடைதான்.

எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதையும் சமன்பாடே சொல்லும். கி − 2வ + 2 என்ற கோவையில் கோட்டில் நிற்கிற புள்ளியைப் போட்டால் பூச்சியம் வரும். கோட்டின் ஒரு பக்கத்தில் உள்ள எல்லாப் புள்ளிக்கும் நேர் எண், மற்றப் பக்கத்தில் மறை எண். எங்கள் கிணறு (0, 0), அதற்கு +2 வருகிறது. தூண் (18, 11), அதற்கு 18 − 22 + 2 = −2. கிணறும் தூணும் எல்லையின் இரண்டு பக்கத்தில் நிற்கின்றன. அந்தத் தூணை நட்டது எங்கள் பக்கத்தார்தான், நின்றது பக்கத்துக் காணிக்குள். கனடாவில் இருக்கிற அந்த அண்ணைக்கு அப்பா அன்றிரவே போன் எடுத்து விடயத்தைச் சொன்னார். அடுத்த கிழமை தூணைக் கிளப்பி, மூன்று கல்லுக்கும் கயிறு பிடித்து, கயிற்றைத் தொடுகிறபடி நட்டோம்.